பால்காரி கும்மி

ஒலி முகம்மதுக்குப் பாட்டுக் கட்டுவது தொழில் இல்லை. மார்க்கெட் ஸ்திரீட்டை ஒட்டிய ஒரு சந்தில் சாகுல் ஹமீது நடத்திய அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோப்பதுதான் அவருடைய தொழில். கல்யாணப் பத்திரிகை, கந்தூரி அழைப்பு, கப்பல் புறப்படும் நாளைச் சொல்லும் நோட்டீசு என்று வருவதையெல்லாம் ஈய எழுத்தில் கோத்துக் கொடுப்பார். கை வேலை செய்யும்போது வாய் சும்மா இராது. ஏதாவது ஒரு மெட்டை முனகிக்கொண்டே இருப்பார். சில நாள் அந்த முனகலில் நாலு வார்த்தை வந்து ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டிக்கொண்டவற்றைச் சாகுல் ஹமீது எட்டுப் பக்கப் புத்தகமாக அடித்து, தஞ்சோங் பகார் துறைமுகத்திலும் சிராங்கூன் ரோட்டிலும் கூவி விற்கச் செய்வார். டிராம் வண்டி ஓடத் தொடங்கிய வருஷம் ஒலி கட்டிய டிராம் சிந்தை மாட்டு வண்டிக்காரர்கள்கூடப் பாடினார்கள். அதில் அவர்களைத்தான் கேலி செய்திருந்தது.

“மொதல்ல மெட்டு. வார்த்தைக்குக் காலு கெடையாது. மெட்டுதான் அதைத் தோள்ல தூக்கிக்கிட்டு நடக்கணும்” என்று அவர் சொல்வார்.

எந்த மெட்டு நடக்கும், எது நடக்காது என்று கண்டுபிடிக்க அவருக்கு ஒரே ஒரு வழிதான் தெரியும். சுண்ணாம்புக் கம்பம் என்ற குடியிருப்பில் இருந்த தம் வீட்டில், மனைவி சம்சுன்னிசா அடுப்பில் ஆணம் கிளறிக்கொண்டிருக்கும்போது புதுப் பாட்டைப் பாடிக் காட்டுவார். அவள் ஒன்றும் சொல்லமாட்டாள். மறுநாள் காலையில் அவள் அறியாமல் அதை முனகினால் பாட்டு அச்சுக்குப் போகும். முனகாவிட்டால் காகிதம் அடுப்புக்குப் போகும்.

1909ஆம் வருஷம், மழை விட்டிருந்த ஒரு மாதத்தில், வண்டிக்கார வடிவேலு அவருக்கு ஒரு கதை கொண்டுவந்தான். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, ஆனால் பக்கத்தில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படியாகச் சொன்னான்.

“பால்காரி ரத்தினம்மா இருக்காளே, அவ புருசன் முத்துசாமி ஊருக்குப் போயிட்டான்னு ஒன்றரை வருசமாச் சொல்றா. அவன் கப்பல் ஏறுனதை எவனாச்சும் பாத்தீங்களா? நான் துறைமுகத்துலதான் கெடக்குறேன், நான் பாக்கல. ஆனா இவ தெனம் சாயங்காலம் ஒரு சொம்புப் பாலைத் தூக்கிக்கிட்டு டிராம் ஏறி கேலாங் போறா. அங்கருந்து தேங்கா வண்டியில தொத்திக்கிட்டு பிடோக்குக்கு. எதுக்கும்மான்னு ஒரு நாள் கேட்டேன். மொறைச்சா பாருங்க, என் மாடு ரெண்டும் பின்வாங்குச்சு.”

எல்லோரும் சிரித்தார்கள். ஒலியும் சிரித்தார். ரத்தினம்மாவை அவருக்குத் தெரியும். குதிரைப் பந்தயத் திடலுக்குப் பக்கத்தில் கொட்டில் போட்டு ஆறு எருமை வைத்திருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். காலையில் அவர் வீட்டுக்கும் அவள்தான் பால் ஊற்றினாள். நிமிர்ந்த நடை, அதிகம் பேசாத வாய். பேசாதவர்களைப் பற்றி ஊர் தானே பேசிக்கொள்ளும்.

அன்று எழுத்துக் கோக்கும்போதே மெட்டு வந்துவிட்டது. பெண்கள் கூடிக் கைகொட்டிச் சுற்றும் கும்மி மெட்டு, கொஞ்சம் வேகமாக. வார்த்தைகள் அதன் பின்னால் ஓடி வந்தன.

*காலையில் ஊத்துற பாலினிலே – இவ*
*கலக்குற தண்ணியோ பாதியடி*
*மாலையில் கொண்டுபோம் பாலினிலே – ஒரு*
*மருந்துக்கும் தண்ணியே இல்லையடி*

*பிடோக்குத் தோப்பிலே கூரைகட்டி – அங்கே*
*பேரழ கன்ஒருத் தன்இருக்கான்*
*கடலுக்கும் கேட்குது கைவளையல் – அவன்*
*கண்ணான முகங்காண ஓடுறாடி*

சம்சுன்னிசா பாட்டை முழுதும் கேட்டுவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“இது நம்ம வீட்டுக்குப் பால் ஊத்துறவதானே மச்சான்?”

“பேரு எங்க போட்டிருக்கேன்? ஊர்ல எத்தனையோ பால்காரி.”

“பிடோக்குக்குப் போற பால்காரி எத்தனை பேரு?”

அவர் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அவள் மறுபடி கரண்டியை எடுத்தாள். ஆனால் மறுநாள் காலையில் அரிசி களையும்போது அவள் வாயிலிருந்து அந்த மெட்டு வந்தது. “மருந்துக்கும் தண்ணியே” என்ற இடத்தில் அரிசிப் பானையில் விரலால் தாளமும் போட்டாள். தான் செய்வது உறைத்ததும் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். அதற்குள் ஒலி சட்டையை மாட்டிக்கொண்டு அச்சுக்கூடத்துக்குப் புறப்பட்டுவிட்டார்.

அவர் கட்டிய பாட்டுகளில் அதைப்போல ஓடியது வேறு ஒன்றும் இல்லை. பத்து நாளில் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள் அதன் தாளத்துக்குக் கால் வைத்தார்கள். தேக்காச் சந்தையில் காய்கறி விற்பவர்கள் பாடினார்கள். நார்த் பிரிட்ஜ் ரோட்டுக் கொட்டகையில் ஊரிலிருந்து வந்திருந்த நாடகக்காரர்கள் நடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் கோமாளி வேஷம் போட்டவன் புராணக் கதை நடுவே அதை நுழைத்தான். தமிழ் தெரியாத சீனக் கடைக்காரர்கள்கூட மெட்டை மட்டும் சீட்டியடித்தார்கள். பாடியவர்களில் பாதிப் பேருக்கு அது யாரைப் பற்றியது என்பதே தெரியாது. தெரிந்தவர்களும் பாடும்போது அதை நினைக்கவில்லை. கும்மி வேகத்தில் நினைக்க நேரம் கிடைக்கவில்லை.

ரத்தினம்மா நடந்து போகும்போது மட்டும் பாட்டுக்குச் சத்தம் கூடியது.

அவள் நடையை மாற்றவில்லை. ஒரு நாள் காலையில் சம்சுன்னிசாவின் பாத்திரத்தில் பாலை ஊற்றிக்கொண்டே, “ஆரு கட்டுன பாட்டோ தெரியல புள்ள. மெட்டு என்னமோ நல்லாத்தான் இருக்கு” என்றாள். சம்சுன்னிசா பாத்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கதவுக்குப் பின்னால் நின்ற ஒலிக்கும் அது கேட்டது. புத்தகத்தின் கடைசி அடியில் அவருடைய பெயர் இருந்தது. ஆனால் ரத்தினம்மாவுக்குப் படிக்கத் தெரியாது.

புத்தகம் தீரத் தீர அடித்தார்கள். சாகுல் ஹமீது, “ரெண்டாம் பாகம் எங்கேன்னு கேக்குறானுவ. அந்தப் பேரழகன் யாருன்னு ஊருக்குத் தெரிஞ்சாகணும். எழுதுங்க” என்றார்.

“எனக்கே தெரியாதே!”

“போய்ப் பாத்துட்டு வாங்க. வடிவேலுதான் தயாரா நிக்கிறானே.”

ஒலி இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் மத்தியானம் வேலையை விட்டுவிட்டு வடிவேலுவின் வண்டியில் ஏறிக்கொண்டார். போகாமல் இருந்திருக்கலாம் என்று பிற்காலத்தில் அவர் பல தடவை சொன்னதுண்டு. அன்று அவருக்கு அப்படித் தோன்றவில்லை. ரெண்டாம் பாகத்துக்கு மெட்டுகூடத் தயாராக இருந்தது.

சாயங்காலம் கேலாங்கில் டிராமிலிருந்து இறங்கி ரத்தினம்மா ஒரு தேங்காய் வண்டியில் ஏறினாள். இவர்கள் தூரத்திலேயே தொடர்ந்தார்கள். பிடோக்கில் அவள் இறங்கி, தென்னந்தோப்புக்குள் கடலைப் பார்த்து நடந்தாள். வண்டியை நிறுத்திவிட்டு இருவரும் பின்னால் போனார்கள். தோப்பின் கடைசியில், மணல் தொடங்கும் இடத்தில், கீற்றுக் கூரை போட்ட ஒரு குடிசை. அதன் வாசலில் ஓர் ஆள் பாயில் உட்கார்ந்திருந்தான். முதுகுதான் தெரிந்தது. ரத்தினம்மா அவன் எதிரே குந்தி, சொம்பை வைத்துவிட்டு, அவன் காலில் சுற்றியிருந்த துணியைப் பிரித்தாள்.

அவன் பாடிக்கொண்டிருந்தான். கரகரத்த, காற்று அதிகமாகவும் குரல் குறைவாகவும் வந்த பாட்டு. கேட்டதும் ஒலிக்கு அது தம் பாட்டு என்று தெரிந்தது. ஒரு கணம் அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது. “பேரழகன் ஒருத்தன் இருக்கான்” என்ற இடத்தில் அந்த ஆள் கையைத் தூக்கி ராஜா வேஷக்காரனைப்போல நெஞ்சில் வைத்துக்கொண்டான். ரத்தினம்மா சிரித்தாள். அவள் சிரித்து ஒலி பார்த்ததே இல்லை.

நெஞ்சில் வைத்த அந்தக் கையில் விரல்கள் இல்லை.

வடிவேலுவின் காலடியில் ஓலை முறிந்தது. அந்த ஆள் திரும்பினான். முத்துசாமிதான். ஆனால் முகம் முத்துசாமியின் முகமாக இல்லை. நெற்றியும் காதும் தடித்து, மூக்கு அமிழ்ந்து, புருவம் உதிர்ந்திருந்தது.

“பெருவியாதி!” என்று வடிவேலு கத்தினான். அவன் ஓடிய ஓட்டத்தில் தலைத்துண்டு விழுந்ததையும் எடுக்கவில்லை.

ரத்தினம்மா எழுந்து, புருஷனை மறைத்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. ஒலியை அடையாளம் கண்டுகொண்டாள்.

“மரைக்காயரே, நீங்களுமா?” என்று மட்டும் கேட்டாள்.

அவள் பின்னால் இருந்த முத்துசாமி, வந்தவருக்குத் தன் முகம் தெரியாதபடி பாயை எடுத்துத் தலைமேல் போட்டுக்கொண்டான்.

திரும்பும் வழியெல்லாம் ஒலி கெஞ்சினார். “வடிவேலு, இதை யார்கிட்டயும் சொல்லிடாதே. சொன்னா அவனைப் புடிச்சுக்கிட்டுப் போயிடுவாங்க.”

“புடிச்சுக்கிட்டுப் போகட்டும். சட்டம் எதுக்கு இருக்கு? அவனைத் தொட்ட கையாலதானே நம்ம வீட்டுக்குப் பால் ஊத்துறா? என் புள்ள ரெண்டும் அதைத்தானே குடிக்குது?”

“அவ காலையில வர்றா. குளிச்சுட்டுத்தான் வர்றா.”

“நீங்க பாத்தீங்களா?”

கடைசியில் சொல்லமாட்டேன் என்று வடிவேலு மாட்டின் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தான். அவன் கெட்டவன் இல்லை, பயந்தவன். வீட்டுக்குப் போய்த் தன் பிள்ளைகளின் தோலை விளக்கின் கீழ் பார்த்திருக்கிறான். சத்தியம் மறுநாள் மத்தியானம்வரைகூட நிற்கவில்லை.

சம்சுன்னிசாவிடம் ஒலி எல்லாவற்றையும் சொன்னார். அவள் பால் பாத்திரத்தைக் கையில் எடுத்துப் பார்த்தாள். பிறகு, “ஒன்றரை வருசமா அவ கையாலதான் குடிச்சோம். நமக்கு என்ன ஆச்சு?” என்றாள். விளக்கைத் தணித்துவிட்டு, “நானும் பாடுனேனே மச்சான்” என்றாள்.

நான்கு நாளில் எல்லாம் நடந்தது. முதல் நாள் ஒரு வீட்டுக்காரரும் பால் வாங்கவில்லை. இரண்டாம் நாள் யாரோ கொட்டிலுக்குள் புகுந்து பால் குடங்களை உடைத்தார்கள். மூன்றாம் நாள் அரசாங்க ஆட்களும் மாத்தாமாத்தா என்று மக்கள் சொல்லும் போலீஸ்காரர்கள் இருவரும் பிடோக்குத் தோப்புக்குப் போய் முத்துசாமியை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். பெருவியாதிக்காரர்களை வெளியில் விடக்கூடாது என்று அப்போது சட்டம் இருந்தது. பினாங்குப் பக்கம் ஒரு தீவில் அவர்களுக்கென்று இடம் வைத்திருந்தார்கள். போனவர்கள் திரும்பியதாக யாரும் கேள்விப்பட்டதில்லை. இதற்குப் பயந்துதான் ரத்தினம்மா அவனை ஊருக்குப் போய்விட்டதாகச் சொல்லி ஒளித்து வைத்திருந்தாள். தோப்புக்காரரான மலாய்க்காரர் பார்த்தும் பாராதவர்போல் இருந்து, குடிசைக்கு இடம் கொடுத்திருந்தார்.

நான்காம் நாள் காலையில் பினாங்குக் கப்பலுக்கு ஆட்களை ஏற்றினார்கள். ஒலி அச்சுக்கூடத்துக்குப் போகாமல் துறைக்குப் போனார். அங்கே நல்ல கூட்டம். அவரைப்போலப் பார்க்க வந்தவர்களும், அன்றாட வேலைக்கு வந்த மூட்டைக்காரர்களும், வண்டிக்காரர்களும். கூட்டம் ரத்தினம்மாவைச் சுற்றி மட்டும் பத்தடி விலகி வட்டமாக நின்றது. அவள் கையில் பால் சொம்பு இருந்தது. அதைக் கொடுக்க அவளை விடவில்லை.

நோயாளிகள் ஏழெட்டுப் பேரைத் தனித் தொங்கான் படகில் உட்காரவைத்துக் கப்பலை நோக்கித் தள்ளினார்கள். முத்துசாமி கடைசிப் பலகையில் கரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். இடைவெளி இருபதடி, அறுபதடி என்று கூடிக்கொண்டே போனது. அவன் ஏதோ கத்தினான். கெட்டுப்போன தொண்டை அது. காற்று பேச்சைக் கிழித்து எறிந்துவிட்டது. ரத்தினம்மா கையைக் காதுக்குக் கொடுத்து முன்னால் சாய்ந்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

அப்போது அவன் பாடினான்.

மெதுவாக, மிக மெதுவாகப் பாடினான். கும்மியில் ஒரு கைதட்டலுக்குள் அடங்கும் சொல்லை அவன் ஒரு மூச்சு முழுவதும் இழுத்தான். தொண்டை அதற்குமேல் ஓடாது. அந்தப் பாட்டின் ஒவ்வோர் எழுத்தையும் தன் கையால் ஈயத்தில் கோத்த ஒலிக்கே அது என்ன பாட்டு என்று முதலில் பிடிபடவில்லை. பிறகு “மாலையில்” என்ற சொல் கேட்டது. பேச்சைச் சிதறடித்த காற்றால் பாட்டைச் சிதறடிக்க முடியவில்லை. பாதி விழுங்கப்பட்டாலும் அடுத்த சொல் என்ன என்று கரையில் நின்ற அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது.

*மாலையில் கொண்டுபோம் பாலினிலே – ஒரு*
*மருந்துக்கும் தண்ணியே இல்லையடி*

மருந்துக்கும் என்று ஒலி எழுதியது கொஞ்சங்கூட என்ற அர்த்தத்தில். கேலிக்கு எழுதியது. தினமும் அந்தப் பாலை மருந்தாகவே குடித்தவன் வாயில் அது நன்றி சொன்னது. வம்பு பேசும் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி அழைக்கும் ‘அடி’ என்று எழுதியதை இப்போது புருஷன் பெண்டாட்டியை அழைத்தான். ஓர் எழுத்தும் மாறவில்லை. ஒலி பக்கத்தில் இருந்த மூட்டையில் உட்கார்ந்துவிட்டார்.

கூட்டத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. சிலர் தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்கள். ரத்தினம்மா அப்போதும் அழவில்லை. தொங்கான் கப்பலின் மறுபக்கம் போய் மறையும்வரை தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தாள், கேட்குது, கேட்குது என்பதுபோல.

ஒலி நேராகச் சாகுல் ஹமீதிடம் போனார். “அந்தப் பாட்டை இனிமே அடிக்க வேணாம். இருக்கிறதையும் எரிச்சிடுங்க.”

சாகுல் ஹமீது கல்நெஞ்சர் இல்லை. நடந்தது அவருக்கும் தெரியும். “நான் எரிக்கிறேன் தம்பி. பினாங்குல ரெண்டு பேரு, நாகப்பட்டினத்துல ஒருத்தன், நம்மளக் கேக்காமலே அடிச்சு வித்துக்கிட்டிருக்கான். அதை எப்படி எரிக்கிறது? ஆளுங்க வாயில இருக்கிறதை எப்படி எரிக்கிறது?” என்றார்.

அப்படியானால் உண்மையை வைத்து இன்னொரு பாட்டுக் கட்டுவோம் என்று ஒலி முயன்றார். ரத்தினம்மா எப்படிப்பட்டவள், யாருக்காகப் பால் சுமந்தாள் என்று எல்லாவற்றையும் சொல்லும் பாட்டு. மூன்று வாரம் எழுதினார். அதில் பொய் ஒன்றுகூட இல்லை. சம்சுன்னிசா கேட்டு அழுதாள். ஆனால் மறுநாள் அவள் அதை முனகவில்லை, அதற்கு மறுநாளும் இல்லை. “பாடணும்னுதான் நெனைக்கிறேன் மச்சான், வாயில நிக்கமாட்டேங்குது” என்றாள். சாகுல் ஹமீது அச்சடித்தார். கட்டு கட்டாகக் கிடந்தது. துறைமுகத்தில் பழைய பாட்டுதான் கேட்டது, பழைய வேகத்திலேயே.

ஒரு நாள் காலையில் அவர் ரத்தினம்மாவின் கொட்டிலுக்குப் போனார். நான்கு எருமைகளை விற்றுவிட்டிருந்தாள். மிச்சம் இரண்டுக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தாள். அவர் வாசலிலேயே நின்றார்.

“அந்தப் பாட்டைக் கட்டுனது நான்தான்.”

“தெரியும்.”

“எப்போலேருந்து?”

“மெட்டு நல்லாருக்குன்னு சொன்னேனே, அன்னைக்கே. சம்சு புள்ள மூஞ்சியிலயே எழுதியிருந்துச்சு. எனக்குப் படிக்கத் தெரிஞ்ச எழுத்து அது ஒண்ணுதான்.”

அவர் அழுதார். அவள் புல்லைப் போட்டு முடித்துவிட்டு, கவிழ்த்து வைத்திருந்த ஒரு வாளியின்மேல் உட்கார்ந்தாள்.

“கள் எறக்குறவுங்க மரத்து மேல இருந்து பாடுனதை அவரு கேட்டிருக்காரு. எனக்கு முன்னாடியே அவருக்குப் பாடமாயிடுச்சு. நான் போனதும், ‘ஏய், ஊர்ல நம்மளப் பத்திப் பாட்டுக் கட்டிட்டானுவடி, நான் பேரழகனாம்’னு ஒரே சிரிப்பு. எனக்கு வயிறு எரியுது, அவரு சிரிக்கிறாரு. கண்ணாடியை ஒடச்சுப் போட்ட மனுசன். அவரு மூஞ்சிய அவரே தடவிப் பாக்கமாட்டாரு. அன்னையிலேருந்து தெனம் பாடுவாரு. என்னைய உங்க பாட்டாலயே தின்னுக்கிட்டிருந்த ஊரு, அவருக்குத் தெனம் ஒரு வேளை சிரிப்பைக் குடுத்துச்சு.”

“என்னைத் திட்டிடுங்க. மனசுல வச்சுக்காதீங்க.”

“திட்டணும்னுதான் இருந்தேன். பாட்டுக்கா திட்டுறது, பின்னாலயே வந்து பாத்தீங்களே அதுக்கா? பாட்டை நான் பொறுத்துக்குவேன். நீங்க வராம இருந்திருந்தா அவரு இன்னும் அங்கதான் உக்காந்திருப்பாரு.”

அவர் கீழே சிந்திக் கிடந்த புல்லைப் பொறுக்கி எருமைகளுக்குப் போட்டார்.

அவர் திரும்பியதும் அவளே, “கடுதாசி எழுதினா அங்க படிச்சுக் காட்டுவாங்களா?” என்று கேட்டாள்.

அன்று முதல் மாதம் ஒரு கடிதம் அவர் எழுதினார். அவள் சொல்லச் சொல்ல எழுதுவார். எருமை சினையாக இருக்கிறது, மழை அதிகம், தோப்புக்காரர் விசாரித்தார், எண்ணெய் தடவிக்கொள்கிறீர்களா, துணியை வெந்நீரில் அலசுகிறார்களா. ஒரு சொல்லைக்கூட அவர் அழகுபடுத்தவில்லை. அந்தத் தீவில் வேலை பார்த்த தமிழ்ப் பையன் ஒருவன் பதில் எழுதினான். முத்துசாமி நலம், கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்கிறார், சாயங்காலம் கொடுக்கும் பாலில் தண்ணீர் அதிகம் என்று சண்டை போடுகிறார் என்று ஒரு தடவை எழுதியிருந்தான். அதைப் படித்தபோது ரத்தினம்மா இரண்டாம் முறையாக ஒலியின் முன்னால் சிரித்தாள்.

ஏழாவது பதில் சின்னதாக இருந்தது. அச்சுக்கூட விலாசத்துக்கு வந்ததை ஒலி அங்கேயே பிரித்துப் படித்துவிட்டார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, சம்சுன்னிசாவையும் கூட்டிக்கொண்டு கொட்டிலுக்குப் போனார். வெயில் நன்றாக ஏறியிருந்தது. இருவரும் சேர்ந்து வருவதைப் பார்த்ததுமே ரத்தினம்மா கையிலிருந்த கயிற்றைக் கட்டுத்தறியில் சுற்றிவிட்டு நிமிர்ந்தாள்.

“படிங்க.”

முத்துசாமி காய்ச்சலில் கிடந்து, வெள்ளிக்கிழமை காலையில் இறந்துபோனார். தீவிலேயே புதைத்தார்கள். அவ்வளவுதான் இருந்தது. ஒலி குரலில் ஏற்றமும் இல்லாமல் இறக்கமும் இல்லாமல் படித்தார். இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். படித்தார். சம்சுன்னிசா அவளைக் கட்டிக்கொண்டாள். ஒன்பது மாதத்தில் ரத்தினம்மாவைத் தொட்ட முதல் ஆள் அவள்தான். அப்போதுதான் ரத்தினம்மா அழுதாள். சத்தமில்லாமல் தொடங்கி, எருமைகள் மிரண்டு கயிற்றை இழுக்கும் அளவுக்கு அழுதாள்.

புதைத்த இடத்தையாவது பார்க்க வேண்டும் என்று அதற்குப் பிறகு அவள் பிடிவாதமாக நின்றாள். அந்தத் தீவுக்கு யாரையும் விடமாட்டார்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். “பினாங்குலேருந்து பாத்தா தீவு தெரியுமாமே. தெரிஞ்சா போதும்” என்றாள். மிச்சம் இருந்த இரண்டு எருமையையும் விற்று, கப்பலுக்கு நாள் குறித்துவிட்டாள்.

பினாங்கில் இறங்கினால் யாரிடம் போய் என்ன கேட்பாள் என்று ஒலிக்குக் கவலை. கையால் எழுதிக் கொடுத்தால் வியர்வையில் கலைந்துவிடும். அவர் அச்சுக்கூடத்தில் தங்கி, முத்துசாமியின் பெயர், தகப்பன் பெயர், தீவில் அவனுக்குக் கொடுத்திருந்த நம்பர், இறந்த தேதி ஆகியவற்றைப் பெரிய எழுத்தில் கோத்தார். மேலே தமிழில், கீழே இங்கிலீஷில். ‘இவர் மனைவி ரத்தினம்மா இதைக் கொண்டுவருகிறார். இடம் காட்டி உதவவும்’ என்று ஒரு வரி. அதற்கு மேல் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. கெட்டி அட்டையில் நான்கு பிரதி அடித்தார்.

துறையில் அவளுடைய தகரப் பெட்டியைச் சம்சுன்னிசாவும் அவரும் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கி வந்தார்கள். படகில் ஏறும்முன் ஒலி அட்டைகளைக் கொடுத்தார். ரத்தினம்மா ஒன்றை எடுத்து முகத்தருகே வைத்துப் பார்த்தாள்.

“இதுல எது அவரு பேரு?”

அவள் அட்டையைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள். ஒலி அதைத் திருப்பி, முதல் வரியின் மேல் விரலை வைத்துக் காட்டினார். அவள் அந்த வரியைக் கட்டைவிரலால் ஒரு முறை தடவிவிட்டு, அட்டைகளை முந்தானையில் முடிந்துகொண்டு படகில் ஏறினாள்.